பிரேமாவதி கூப்பிட்ட பெரட்டு

“சாவிய எடுத்தா திருடிதானே பாட்டி? எங்க வேலை செஞ்சாலும் அதுக்குப் பேரு அதான்லா.”

“எடுத்து என்னாடி செஞ்சா? உன் தாலிக்கொடியத் தூக்கிட்டுப் போனாளா? ஒரு மனுசன அவன் வீட்டுக்குள்ள விட்டா. அது திருட்டுன்னா எனக்கும் அந்தப் பேரையே வையி.”

“சரி, அத விடுங்க. மேனேஜர் ரூமுக்குத் தினமும் என்னாத்துக்குப் போனா? ஒண்ணுமில்லாமயா ரூம காலி பண்ணிட்டு ஓடுனா?”

ஷாமளா இப்படிக் கேட்டது நேற்றுக் காலையில், எங்கள் சி பிளாக் இரண்டாம் மாடியில், துணி காயப்போடுகிற கம்பிக்குப் பக்கத்தில். அவள் கையில் ஈரத்துணி. என் கையிலும் ஈரத்துணி. அடிப்பதற்கு வேறெதுவும் கையில் இல்லாமல் போனது அவளுடைய நல்ல நேரம்.

மூன்று விஷயம் சொல்கிறார்கள். பிரேமாவதி திருடி. பிரேமாவதிக்கும் மேனேஜருக்கும் ஏதோ இருந்தது. பிரேமாவதி எங்களை மாட்டிவிட்டு ஓடிப்போனாள். மூன்றும் பொய். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, வாய் இருக்கிறது. அதனால் நான் சொல்லச் சொல்லத் தேவகி டீச்சர் எழுதுகிறார். பேச்சைப் புத்தகத் தமிழாக மாற்றிக்கொள்ளுங்கள் டீச்சர், கோபத்தை மட்டும் மாற்றாதீர்கள் என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பிரேமாவதி பிறந்தது சிடாம் கிரிப் பக்கம், நாங்கள் எல்லோரும் இருந்த ரப்பர் தோட்டத்தில். அவள் அப்பா பக்கிரிசாமி எங்களுக்கு மண்டோர், எங்களை வேலை வாங்குகிற மேஸ்திரி. விடிவதற்கு முன்னால் தோட்டத்து ஆபீஸ் வாசலில் நாங்கள் வரிசையாக நிற்போம். அதற்குப் பெரட்டு என்று பேர். பக்கிரிசாமி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு, பால் வெட்ட யாருக்கு எந்த மர நிரை என்று சொல்வார். அதோடு, இன்றைக்குக் கிணற்றுப் பக்கம் மருந்து அடிக்கிறார்கள், தண்ணீர் எடுக்காதே. நாளைக்கு மூன்றாவது லயத்து வீட்டு வரிசையில் கூரை மாற்றுகிறார்கள், சாமானை ஒதுக்கி வை என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். அவருக்கும் படிக்கத் தெரியாது. ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி ஒரு தடவை படித்துக் காட்டினால் போதும், எண்பது வீட்டுச் சேதியையும் மனத்தில் வாங்கிக்கொண்டு வந்து கத்துவார்.

அது நல்ல காலம் என்று நான் சொல்லவில்லை. வசவும் அதே வாயிலிருந்துதான் வரும். லயத்து வீடு ஒழுகினால் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் யார் வீடு, யாரிடம் போய்ச் சண்டை போட வேண்டும் என்பது தெரியும்.

பிரேமா தமிழ்ப்பள்ளி முடித்து, மலாய்ப் பள்ளியில் மூன்றாம் பாரம் வரைக்கும் படித்தாள். கட்டிக்கொடுத்த ரவிச்சந்திரன் நல்ல பையன். செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் சரிவில் புரண்டதில் போய்விட்டான். அப்போது அவளுக்கு முப்பத்தொன்று, மகள் யோகேஸ்வரிக்கு ஆறு வயது. பிறகு தோட்டத்தை விற்றார்கள். எங்களைச் சுங்கைப் பட்டாணிக்கு வெளியே கட்டிய இந்த வாடகைப் பிளாட்டில் கொண்டுவந்து விட்டார்கள். நாலு பிளாக், ஒவ்வொன்றிலும் ஐந்து மாடி. சி பிளாக்கில் பெரும்பாலும் நாங்கள், தோட்டத்து ஆட்கள்.

பக்கிரிசாமி பேரில் அவளுக்கும் வீடு இருந்தது. அவர் இறந்தபோது வீட்டை மகள் பேருக்கு மாற்றி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்குள் செய்திருக்க வேண்டுமாம். ஏழாவது மாதம் வந்து எடுத்துக்கொண்டார்கள். “எங்க போட்டிருக்கு?” என்று கேட்டாள். சட்டத்தில் போட்டிருக்கிறது என்றார்கள். அந்தச் சட்டம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். ஆபீஸில் இருக்கிறது என்றார்கள். அதற்கப்புறம் அந்த ஆபீஸிலேயே கூட்டித் துடைக்கிற வேலைக்கு ஆள் கேட்டபோது அவள் போனாள். கூட்டுவது, தண்ணீர்ப் பம்பைப் போடுவது, தேநீர் கலக்குவது, வீடு வீடாகக் கடிதம் கொடுப்பது. வேலையோடு பம்ப் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. மகள் பெரியவளாகிக் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, அங்கேயே நாலு பெண்களோடு தங்கிக்கொண்டாள்.

இங்கே எங்களுக்கு ஏதாவது தெரிய வேண்டுமென்றால் என்ன வழி தெரியுமா? ஆபீஸ் வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் மலாயில் அச்சடித்த தாள்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. பெட்டிக்குப் பூட்டு வேறு. பக்கத்துச் சுவரில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சதுரம் ஒட்டியிருக்கும். போனை அதற்கு முன்னால் பிடித்தால் எல்லா விவரமும் வரும் என்றார்கள். பிச்சை தன்னுடைய பட்டன் போனை அதற்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று கேட்காதீர்கள். “லைன் பிஸி போல அக்கா” என்று வந்து சொன்னார்.

பிச்சை எனக்கு ஒரு வீடு தள்ளி, சி-2-7. தனி ஆள். எழுபத்திரண்டு வயது. என்னை அக்கா என்பார். அவருக்குப் படிக்கத் தெரிந்தது இரண்டே இரண்டு. ஒன்று, நம்பர். இன்னொன்று, பேங்கில் கையெழுத்துக்காகச் சொல்லிக்கொடுத்த அவருடைய சொந்தப் பேர்.

வீட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அரசாங்கம் என்பார் ஒருவர். நிர்வாகக் கம்பெனி என்பார் ஒருவர். ஷாமளா, “மேனேஜர் குகநாதன்தான், அவரு கார பாத்தா தெரியல?” என்றாள்.

குகநாதன் கம்பெனி வைத்த மேனேஜர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருடைய தாத்தா எங்களுடைய மாதிரி ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவராம். பொங்கல் விழாவில் அவரே மைக்கில் சொல்லிப் பெருமைப்பட்டார். ஆனால் ஆபீஸுக்குள் எங்களிடம் தமிழ் பேச மாட்டார்; பக்கத்தில் யாரும் இல்லாதபோது பிரேமாவிடம் மட்டும் பேசுவார். நாம் தமிழில் கேட்டால் மலாயில் பதில் வரும், அதுவும் போனைப் பார்த்துக்கொண்டே. தமிழ் தெரியாதவர் இல்லை. அவர் அம்மாவோடு போனில் பேசியதை நானே கேட்டிருக்கிறேன். அவ்வளவு இதமான பேச்சு. அதில் ஒரு சொட்டு எங்களுக்குக் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

போன ஆகஸ்டில் ஒரு கடிதம் வந்தது. சி பிளாக்கில் இருபத்தாறு வீட்டுக்கு. மேலே வீட்டுக்காரர் பேர், கீழே நாலு வரி, அதோடு சேர்த்து, நிரப்பிக் கொடுக்கிற ஒரு போராங். எல்லாவற்றையும் சுற்றி விரல் தடிமனுக்குக் கறுப்புக் கோடு.

தமிழ் வீட்டில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு அடிக்கிற கடிதத்துக்குத்தான் அப்படிக் கறுப்புக் கட்டம் போடுவார்கள். அதைப் படித்தவுடன் கிழித்து வெளியே போட்டுவிட வேண்டும். வீட்டுக்குள் ஒரு ராத்திரி இருக்கக் கூடாது.

பிரேமா அந்தக் கடிதக் கட்டைப் பார்த்ததும் குகநாதனிடம் சொல்லியிருக்கிறாள்.

“சார், இது கருமாதிக் கடுதாசிக்குப் போடுற கோடு சார். எங்க ஆளுங்க வீட்டுல வைக்க மாட்டாங்க.”

“அது கம்பெனி டிசைன் பிரேமா. கடைசி நோட்டிஸ் எண்டா அப்பிடித்தான் வரும். பயப்பிடோணும் எண்டுதானே போடுறது.”

“பயந்துடுவாங்க சார். ஆனா படிக்க மாட்டாங்க.”

“குடுக்கிறது உங்கட வேலை. படிக்கிறது அவங்கட வேலை.”

அவளும் அதை வேண்டாவெறுப்பாக வாங்கிக்கொண்டு, விரல் நுனியில் பிடித்தபடி ஒவ்வொரு கதவுக்கு அடியிலும் தள்ளிவிட்டு, போய்த் தலைக்குக் குளித்தாள். இதை நான் மறைக்கப் போவதில்லை. அவளுக்கு மலாய் படிக்கத் தெரியும். அந்த நாலு வரியை அவள் படித்திருக்கலாம். படிக்கவில்லை. சாவுக் கடுதாசி மாதிரி ஒன்றை உற்றுப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

நாங்கள் என்ன செய்தோம்? கிழித்தோம். நானும்தான் கிழித்தேன். இரண்டாம் மாடியிலிருந்து பார்த்தால் கீழே கால்வாய் முழுக்கக் கறுப்புக் கோட்டுத் தாள். யார் செத்தது, யார் செத்தது என்று மாடிக்கு மாடி ஒரே விசாரணை. அப்போதுதான் பிச்சை என் கதவைத் தட்டினார். முகம் வெளுத்திருந்தது.

“அக்கா, இது என் பேரு.”

“எது?”

“இந்தா, மேல. இந்தச் சுழி எனக்குத் தெரியும். பேங்க்ல போடுறதுதான். கறுப்புக் கட்டத்துக்குள்ள என் பேரு போட்டிருக்கான் அக்கா. எவனோ எனக்குக் கருமாதி வச்சுட்டான்.”

“உளறாத. நீதான் என் முன்னால நிக்கிறியே.”

“தேதியும் போட்டிருக்கான் பாரு. முப்பது, ஒம்பது. செப்டம்பர் முப்பது. அன்னிக்குத்தான்.”

இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது. அப்போது எனக்கும் வரவில்லை. இருவருமாகப் படி இறங்கிப் போய், அதைக் கிழித்து, கால்வாயில் போட்டு, கால் கழுவிக்கொண்டு வந்தோம். செப்டம்பர் முப்பதாம் தேதி பிச்சை விடிந்ததும் கிளம்பி, தோட்டத்து முனீஸ்வரன் கோவிலுக்குப் போய், பொழுது சாயும் வரை கோவில் மரத்தடியை விட்டு நகரவில்லை. அக்டோபர் ஒன்றாம் தேதி சலவை செய்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, எல்லா வீட்டுக்கும் வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார்.

“தப்பிச்சேன் அக்கா” என்றார்.

அந்த நாலு வரியில் இருந்தது இதுதான். இந்த வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று போராங்கில் எழுதிச் செப்டம்பர் முப்பதாம் தேதிக்குள் ஆபீஸில் கொடுக்க வேண்டும். கொடுக்காத வீட்டை ஆள் இல்லாத வீடு என்று எடுத்து, வரிசையில் காத்திருக்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அக்டோபர் நடுவில் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். ஆள் இருந்த வீட்டுக் கதவில் சிவப்புத் தாளை ஒட்டினார்கள்: முப்பது நாளில் காலி செய். ஆள் இல்லாத வீட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். ஆள் இல்லாத வீடு ஒன்றே ஒன்றுதான். பண்டார் பாருவில் இருக்கிற தங்கையைப் பார்க்கப் போயிருந்த பிச்சையின் வீடு.

சாயங்காலம் அவர் வந்து, சங்கிலியைப் பார்த்துவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்தார். அவருடைய சர்க்கரை மாத்திரை உள்ளே. மாற்றுச் சட்டை உள்ளே. நான் கத்திய கத்தலில் எல்லாரும் வந்தார்கள். பார்த்தார்கள். ஷாமளாவின் புருசன் மணியம்கூட வந்து பார்த்துவிட்டு, “ஆபீஸ் மூடியாச்சு, நாளைக்குப் பேசலாம்லா” என்று சொல்லிவிட்டுப் போனான்.

பிரேமா மட்டும் கீழே இறங்கிப் போனாள். துடைப்பதற்காக அவளிடம் இருந்த சாவியால் ஆபீஸைத் திறந்து, பலகையில் தொங்கிய இரும்புப் பூட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“மாமா, கொஞ்சம் நகருங்க.”

“வேணாம் பிரேமா. உனக்கு வேலை போயிரும்.”

“உங்களுக்கு மாத்திரை வேணுமா வேணாமா? நகருங்க மாமா.”

இதுதான் நீங்கள் சொல்லும் திருட்டு. மறுநாள் காலையில் சாவியைப் பலகையில் திருப்பி மாட்டிவிட்டு, குகநாதனிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் ஏசினார், போலீஸ் என்றார். ஆனால் வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்பது பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது. பிச்சை வெளியே போனால் மறுபடியும் பூட்டிவிடுவார்கள் என்று அதன் பிறகு அவர் வாசல்படியைத் தாண்டவே இல்லை. சங்கிலி கதவிலேயே தொங்கியது.

அன்றைக்கு மத்தியானம் அவள் என் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“இருபத்தாறையும் என் கையில வச்சிருந்தேன் பாட்டி. படிக்கத் தெரிஞ்ச கை. படிக்கலையே.”

பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. எனக்கும் ஆத்திரம் இருந்தது.

“ஆமா, தப்புத்தான். இப்ப அழுது என்ன ஆவப்போவுது? வீட்டக் காப்பாத்துறதுக்கு வழி எங்க எழுதியிருக்குன்னு போயித் தேடு. அந்த ஆபீஸ்லதான இருக்கு?”

அங்கேதான் இருந்தது. ஆபீஸ் கிளார்க் ரொஹானி என்கிற மலாய்க்காரம்மா அவளைச் சாமான் அறைக்குக் கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறார். குடியிருப்பவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து வந்த சின்னப் புத்தகங்கள், பன்னிரண்டு பெட்டி. ஒரு பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. மேல் குழாய் ஒழுகுகிறது என்று, அந்தப் பெட்டிகளின் மேல் வாளியை வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு வந்த புத்தகம் வாளிக்கு முக்காலி.

“அம்பெல்லா, பிரேமா” என்றாராம் ரொஹானி. எடுத்துக்கொள் என்று அர்த்தம்.

அவள் இரண்டு நாள் உட்கார்ந்து முழுவதையும் படித்தாள். வீட்டுக்குச் சொந்தக்காரர் கம்பெனி இல்லை, குகநாதனும் இல்லை. அலோர் ஸ்டாரில் இருக்கிற ஓர் அரசாங்க ஆபீஸ். கம்பெனி வெறும் பார்த்துக்கொள்கிற ஆள். வீட்டை எடுப்பதற்கு முன்னால், குடியிருப்பவருக்குப் புரிகிற மாதிரி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் முப்பது நாளுக்குள் அலோர் ஸ்டாருக்கு எழுதிக் கேட்கலாம். பேர் மாற்றுவதும் அதிலே இருந்தது. ஆறு மாதம் தவறினால் காரணம் சொல்லி மறுபடி கேட்கலாம் என்பதும் இருந்தது. அந்தப் பக்கத்தை அவள் எனக்கு வாசித்தபோது நிறுத்தி நிறுத்தித்தான் வாசித்தாள்.

இருபத்தாறு வீட்டுக்கும் எப்படிச் சொல்வது? பாதிப் பேருக்குப் படிக்க வராது. மீதிப் பேர் ஷிப்ட் வேலை. கூட்டம் போடுகிறேன் என்றால் ஒருவரும் வர மாட்டார்கள். அவள் ஒன்று செய்தாள். காலை ஆறு மணிக்குத் தொழிற்சாலை பஸ் வருவதற்குக் கால் மணி நேரம் முன்னால், சி பிளாக்குக்குக் கீழே மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்றுகொண்டு கூப்பிட ஆரம்பித்தாள்.

“சி-ஒண்ணு-ரெண்டு.”

“இருக்கேன்.”

“சி-ஒண்ணு-அஞ்சு.”

“வந்துட்டேன்லா, பல்லு வெளக்க விடு.”

பெரட்டு. பக்கிரிசாமி மகளுக்கு வேறு என்ன தெரியும்? தூக்கத்தில் இருந்த கிழவிகள்கூட எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பேர் கூப்பிட்டால் போய் நிற்க வேண்டும் என்பது எங்கள் காலுக்குத் தெரியும், மூளையைக் கேட்காமலே போய்விடும்.

“சி-ரெண்டு-ஏழு.”

“இன்னும் சாவல” என்று பிச்சை மாடியிலிருந்து குரல் கொடுப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். தினமும் அதையே சொல்வார், தினமும் சிரிப்பார்கள்.

ஒரு நாளைக்கு ஒரு பக்கம். மலாயில் ஒரு வரி வாசிப்பாள், தமிழில் சொல்வாள், யாராவது ஒருவரைத் திருப்பிச் சொல்லச் சொல்வாள். சரியாகத் திருப்பிச் சொல்லும் வரைக்கும் விட மாட்டாள். இராத்திரி ஷிப்ட் ஆட்களுக்கு அதையே போனில் பேசி அனுப்பினாள். பிறகு ஒவ்வொரு வீடாகப் போய் மேலிடத்துக்கு மனு எழுதினாள். இருபத்தாறு மனு. ஷாமளா, உன் வீட்டு மனுவையும் அவள்தான் எழுதினாள். உன் புருசன் பேருக்கு எழுத்துக்கூடக் கேட்காமல் சரியாக எழுதினாள். அப்போது அவளுக்கு நீ மைலோ கலக்கிக் கொடுத்தாய். அவள் திருடி என்பது அன்றைக்கு உனக்குத் தெரியவில்லை.

ரொஹானி இருபத்தாறுக்கும் முத்திரை குத்தி அனுப்பிவைத்தார். அதற்கப்புறம்தான் குகநாதன் தினமும் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட ஆரம்பித்தார். கதவைச் சாத்திக்கொண்டு ஏசுவதற்கு. யார் உனக்குப் புத்தகம் கொடுத்தது, யார் உனக்கு அதிகாரம் கொடுத்தது, துடைக்கிற வேலையைப் பார். அவள் வெளியே வரும்போது முகம் சிவந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் நீங்கள் அந்தக் கதையைக் கட்டினீர்கள். வெட்கமாக இல்லையா?

அலோர் ஸ்டாரிலிருந்து அதிகாரி வந்து விசாரிப்பதாகக் கடிதம் வந்தது. நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. நான், பிச்சை, இன்னும் ஏழெட்டுப் பேர் ஒன்பது மணிக்கே ஆபீஸ் நாற்காலிகளில் போய் உட்கார்ந்துவிட்டோம். ஏறக்குறைய ஒரு மாதமாக வீட்டை விட்டு வராத பிச்சை அன்றைக்குத்தான் கீழே வந்தார். தன் வீட்டு வாசலில் காவலுக்குப் பக்கத்து வீட்டுக்காரரை உட்காரவைத்துவிட்டு வந்தார். குகநாதனின் அறைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். உள்ளே பிரேமா நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு எங்கள் காதில் விழுகிற மாதிரியே அவர் தமிழ் பேசினார்.

“பிரேமா, ஒரு சின்ன விசயம். ஆகஸ்ட் மாசம் நீங்கள் வீடு வீடாப் போய் அந்தக் கடிதத்தைத் தமிழில விளங்கப்படுத்தினீங்கள் எண்டு எழுதியிருக்கு. இதில ஒரு கையெழுத்து.”

“விளங்கப்படுத்தலையே சார்.”

“இப்ப தினமும் கீழ நிண்டு செய்யிறீங்கள்தானே. ரெண்டு மாசம் முந்தி எண்டு வைச்சுக்கொள்ளுவம். ஆருக்கு நட்டம்?”

“இருபத்தாறு வீட்டுக்கு சார்.”

பிறகு அவர் குரல் தாழ்ந்து வந்தது. “எனக்கும் மேல ஆள் இருக்கு. இது பிழைச்சா என்ர வேலைதான் முதல்ல போகும். எனக்கும் பிள்ளையள் இருக்கு.” அதில் பொய் இல்லை. பயந்துபோயிருந்தார். பிறகு சொன்னார்: “காலியாகிற வீட்டில ஒண்டை உங்கட பேருக்கு நான் எழுதித் தாறன். நீங்களும் மகளும் இருக்கலாம்.”

அவளுக்கு வீடு. அப்பாவின் வீடு போனதிலிருந்து பம்ப் சத்தத்தில் படுத்துக்கிடந்தவளுக்கு, ஒரு கையெழுத்துக்கு வீடு. இந்தக் கையெழுத்து வேண்டித்தான் அவளை அவர் வேலையை விட்டு நிறுத்தாமல் வைத்திருந்தார். என் பக்கத்தில் பிச்சை மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார். அவருக்குத் தெரியும், காலியாகிற வீட்டில் ஒன்று அவருடையது.

“எங்கப்பா வீடு போனப்ப எழுதித் தரேன்னு யாரும் சொல்லல சார்” என்றாள் பிரேமா. “இப்ப வேணாம்.”

“அப்ப சாவியளை வைச்சிட்டுப் போங்கள். அறையும் இண்டைக்கே காலி.”

கொத்துச் சாவியை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. அவள் தடுப்பைச் சுற்றி வெளியே வந்தாள், எங்களைக் கடந்து வாசலுக்குப் போனாள். அதே நேரத்தில் அலோர் ஸ்டார் வண்டி வந்து நின்றது. தலைத்துணி போட்ட ஓர் அம்மா, கையில் ஒரு கோப்பு. உள்ளே வந்தவுடன் குகநாதன் எழுந்து நின்று மலாயில் சொல்ல ஆரம்பித்தார்: கடிதம் எல்லாருக்கும் நேரில் விளக்கிச் சொல்லப்பட்டது.

வாசலில் நின்ற பிரேமா திரும்பினாள். அவளும் மலாயில்தான் சொன்னாள். அவள் சொன்னதை அப்புறம் எனக்குத் தமிழில் சொன்னாள். “கடிதத்தைக் கொடுத்தது நான். அதை நான் படிக்கவே இல்லை. யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பேரில் அப்படி எழுதியிருந்தால் அது பொய்.”

தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டு அதைச் சொன்னாள். ஓடிப்போகிறவள் அப்படியா செய்வாள்?

ஏன் ஒருவரும் போராங்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்று அந்த அம்மா கேட்டார். ஏன் கிழித்தோம் என்று பிச்சை எழுந்து நின்று சொன்னார், பிரேமா மலாயில் மாற்றிச் சொன்னாள். கருமாதித் தேதி வரைக்கும் சொன்னார். அந்த அம்மா சிரிக்கவில்லை. கோப்பில் இருந்த கடிதத்தை எடுத்து, அந்தக் கறுப்புக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுதினார். ஒட்டிய தாளையெல்லாம் எடுக்க வேண்டும். சங்கிலியை இப்போதே கழற்ற வேண்டும். கோடு இல்லாமல் புதுக் கடிதம், ஒவ்வொரு வீட்டிலும் புரிகிற பாஷையில் வாசித்துக் காட்டி. அன்றிலிருந்துதான் முப்பது நாள். ரொஹானிதான் பலகையில் தொங்கிய பூட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு மேலே ஓடினார்.

பிரேமாவின் வேலை? அது கம்பெனி விஷயம், எனக்கு அதிகாரம் இல்லை என்றார் அந்த அம்மா. அதைச் சொல்லும்போது கீழே பார்த்துக்கொண்டு சொன்னார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் அறையைக் காலி செய்தாள். இரண்டு பை, ஒரு சோற்றுப் பானை, ஒரு மின்விசிறி. நான் நின்றேன். பிச்சை மின்விசிறியைத் தூக்கிக்கொண்டார். வேறு ஒருவரும் இறங்கவில்லை. மாடிக்கு மாடி கம்பிக்குப் பின்னால் நின்று பார்த்தீர்கள். வீடு பிழைத்த மீதி இருபத்துநாலு வீட்டுக்காரர்களும் பார்த்தீர்கள். மேனேஜர் கண்ணில் பட்டால் என்ன ஆகுமோ என்று நின்றீர்கள். பயத்தை நான் குறை சொல்லவில்லை. பயந்துவிட்டு, அப்புறம் அவளைத் திருடி என்கிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

“கூலிமுக்கா?” என்று கேட்டேன்.

“ஆமா பாட்டி. யோகேஸ்வரி வீட்டுல ஒரு ஓரமா படுத்துக்கலாம். அங்க ஏதாச்சும் துடைக்கிற வேலை இருக்கும்.”

“சோறு தின்னுட்டுப் போடி.”

“பஸ் போயிரும் பாட்டி.”

வெளிக்கதவுக்குப் பக்கத்தில் போகும்போது ஏ பிளாக்கிலிருந்து ஒருத்தி ஓடி வந்தாள். எனக்கு அவள் பேர் தெரியாது. கையில் ஒரு தாள். “அக்கா, போறதுக்குள்ள இத ஒரு நிமிசம் பாத்துச் சொல்லுங்க. கதவுல ஒட்டியிருந்துச்சு.” எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தாளைப் பிடுங்கிக் கசக்கியிருப்பேன். வேலையும் போய், இருக்க இடமும் போய், நடுவெயிலில் நிற்கிறாள். அவளிடமா?

பிரேமா பையைக் கீழே வைத்துவிட்டு, தாளை வாங்கி, முதலிலிருந்து கடைசி வரைக்கும் படித்தாள்.

“தொட்டி கழுவுறாங்க. வியாழக்கெழமை காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணி வராது. புதங்கெழமையே புடிச்சு வச்சுக்குங்க. திருப்பிச் சொல்லுங்க பாப்போம்.”

அவள் திருப்பிச் சொன்னாள்.

“பக்கத்து வீட்டுக்கும் சொல்லிடுங்க” என்றாள் பிரேமா. பிச்சையிடமிருந்து மின்விசிறியை வாங்கிக்கொண்டு, வெளிக்கதவைத் தாண்டிப் பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள்.